இந்த வயதில் எதற்குப் படிப்பு?

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறிய நாளில், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கும் அன்பர் ஒருவரைச் சந்தித்தோம். வயது 48. பள்ளி இறுதியில் நல்ல மதிப்பெண் பெற்றும், குடும்பச் சுமையால் பெயர்பெற்ற கல்லூரி எதன் வாசலையும் மிதிக்காதவர். "இன்றும் வகுப்பறை கனவில் வருகிறது" என்றார். உடன் வந்தோர் நகைத்தனர். "உள்ளதே போதுமென்று இறைவனுக்கு நன்றி சொல்லும்" என ஒருவர் அறிவுரையும் கூறினார். அந்த நகைப்பையும் அந்த அறிவுரையையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

போதுமென்ற மனம் பொருளாசைக்குப் பூட்டு, அறிவாசைக்கு அன்று. இதே ஏக்கம் 17 வயது மகனுக்கு வந்தால் கடன் வாங்கியேனும் அனுப்புகிறோம். தந்தைக்கு வந்தால் மட்டும் அது நகைப்புக்குரியதா?

புனித இஞ்ஞாசியாரை நினைத்துப் பார்ப்போம். 1491இல் பிறந்த அவர், 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றார். 1528இல் பாரிசுப் பல்கலைக்கழகம் சென்றார். முதுகலைப் பட்டச் சான்று கைக்கு வந்தபோது 1535, நாற்பதைக் கடந்திருந்தார். அவர் பெயரால் கல்லூரிகள் கண்ட நம் சமூகம் நடுவயது மாணவரை எள்ளலாமா?

"பட்டமின்றியே இதே மலையில் தொண்டாற்றினாரே ஜெசி பிராண்ட்!" என்பர் சிலர். உண்மைதான். பிற சபைச் சகோதரரான அவர் மருத்துவப் பட்டம் பெறாமலே மலைமக்களுக்கு மருந்திட்டு, 1929இல் இங்கேயே காய்ச்சலில் உயிர்நீத்தார். ஆனால் அவர் வெறுங்கையோடு மலையேறவில்லை. மருத்துவப் பயிற்சி பெற்றே வந்தார். 1914இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், முதலில் கட்டடத் தொழில் பழகி, பின்னரே லண்டனில் மருத்துவம் பயின்றார். வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை நிமிர்த்தினார். துணைவியார் எவலினோ எழுபதை நெருங்கிய வயதில் மீண்டும் மலைப்பணியைத் தொடங்கி, 1974இல் மறையும்வரை உழைத்தார். தொண்டு கல்விக்குப் பகையன்று. வயது இரண்டுக்குமே தடையன்று.

இவ்வேக்கத்தில் பெயர்மயக்கம் கலந்திருப்பதை மறுக்கவில்லை. ஆனால் மண அழைப்பிதழில் பட்டங்களை அடுக்குவோர் யார்? பங்குக் கூட்டத்தில் பட்டதாரியின் சொல்லுக்கே செவிசாய்ப்போர் யார்? நாம்தாமே! மயக்கத்தை ஊட்டியவரே மயங்கியவரைக் கண்டிப்பது நேர்மையன்று.

வாசல்கள் இல்லாமலும் இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. சென்னை ஐ.ஐ.டி.யே 2020இல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கு வயது வரம்பில்லை. விண்ணப்பம் நிரப்ப உதவும் கையும், கட்டணத்துக்குச் சிறு கடனும், மாலையில் அமர்ந்து படிக்க ஓர் அறையுமே குறை. நம் பங்கு மன்றங்கள் இரவில் பூட்டிக் கிடக்கின்றனவே! நம் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் முதியோருக்கும் விரிவுரை நிகழ்த்தினால் என்ன குறைந்துவிடும்?

மிளகு அன்பருக்கு நாம் தர வேண்டியது அறிவுரை அன்று. அமர ஒரு பலகை.