படத்தின் பின்புறம்

பொழுதுபோக்கு என்னும் சொல் நம்மிடையே சற்று மதிப்புக் குறைந்த சொல்லாகவே வழங்கி வருகிறது. பொழுதை எவ்வாறேனும் கழித்துவிட வேண்டும் என்னும் பொருள் அதில் தொனிப்பதே காரணமாகலாம். ஆயினும், வேலை முடிந்து வீடு திரும்பியதும் தொட்டிச் செடிகளுக்கு நீர் ஊற்றுபவரும், விடுமுறை நாளில் புகைப்படக் கருவியுடன் ஊசுடு ஏரிக்கரையை நாடுபவரும், பழுதான வானொலிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் உள்ளமைப்பை ஆராய்பவரும் பொழுதை வீணே போக்குபவர் அல்லர். இத்தகையோர் நம் புதுச்சேரியில் பலர் உளர். இம்மூன்று விருப்பங்களும் ஒருவரிடமே கூடியிருப்பதும் உண்டு. அவர்தம் உழைப்பின் பயன் நெடுநாள் நிலைக்க வேண்டுமாயின் என் செய்ய வேண்டும் என்பதை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

நம் வீட்டுப் படத்தொகுப்பில் புதுநன்மைப் படம் ஒன்று உள்ளது. வெள்ளுடை அணிந்த சிறுமி ஒருத்தி கையில் மெழுகுதிரியுடன் வாசலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னே, படத்தின் ஓரத்தில், ஒரு பூவரசின் அடிமரமும் தாழ்ந்த கிளையொன்றும் பாதியளவே தெரிகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று காலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது நகரெங்கும் மரங்கள் சாய்ந்தன. அவ்வாறு வீழ்ந்தவற்றுள் அப்பூவரசும் ஒன்று. தெருவுக்கே நிழல் தந்த அம்மரத்தை அதன் பொருட்டே ஒருவரும் படம் எடுத்ததில்லை. எஞ்சியிருப்பது இந்த ஓரப் பாதி மட்டுமே. ஆனால் படத்தின் பின்புறத்தில் ‘வீட்டு வாசல், மே 1979’ என்று பாட்டியார் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியால், அம்மரம் அவ்வாண்டிலேயே ஆளுயரத்துக்கு மேல் கிளை விரித்து நின்றது என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவ்வரி இல்லையேல் அது ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு மரம்.

பெயர், இடம், தேதி ஆகிய மூன்றும் ஒரு படத்தைச் சாட்சியாக மாற்றிவிடுகின்றன. இதற்கு நம் நகரிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கடற்கரைக்கு அருகே 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களையும் அவற்றின் சிலைகளையும் பல்லாண்டுகளாகப் படமெடுத்து, ஊரும் காலமும் குறித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பேணி வருகிறது. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர் திருவுருவமும் களவு போய்க் கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் கலைக்கூடங்களைச் சேர்ந்திருந்தன. அவை இன்ன ஊருக்கு உரியவை என்பதை மெய்ப்பிக்க இந்நிறுவனத்தின் பழைய படங்கள் துணை நின்றன. 2014 செப்டம்பரில் அவ்விரண்டும் இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. படம் எடுத்த நாளில் அது ஒரு வழக்குக்குச் சான்றாகும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். ஊரின் பெயரை எழுதி வைத்தார்கள், அது போதுமானதாயிற்று.

செடி கொடிகளுக்கும் இதே நியதிதான். அந்நிறுவனத்தில் உலர்த்திய தாவரங்களின் காப்பகமும் உள்ளது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களில் இலையும் பூவும் காயும் ஒட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் சீட்டு ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். எங்கே, எப்போது, யாரால் பறிக்கப்பட்டது என்பதை அச்சீட்டு உரைக்கும். சீட்டை நீக்கிவிட்டால் மீதியிருப்பது சருகு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார், தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980களில் வெளியிட்டதும் இத்தகைய சீட்டுகளின் வலிமையால்தான். ஊர் ஊராகச் சென்று பறித்த செடியோடு ஊர்ப்பெயரும் நாளும் சேர்ந்திராவிட்டால் அந்நூல் உருப்பெற்றிராது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். முன்னாளில் ஆக்ஃபா கிளிக் கருவி வைத்திருந்தவர்களுக்கு ஒரு சுருளில் பன்னிரண்டு படங்களே கிட்டின. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ சுருளை வாங்கவும், பின் கழுவி அச்சிடவும் பணம் வேண்டும். ஆதலால் பொத்தானை அழுத்துமுன் மனம் இருமுறை எண்ணும். அத்தொழிற்சாலையும் இன்று மூடப்பட்டுவிட்டது. கைப்பேசி வந்தபின் ஒரு மாலைப் பொழுதிலேயே நூறு படங்கள் எடுத்துவிடுகிறோம். எடுப்பதில் செலவு இல்லை, தேடுவதில்தான் செலவு. மூன்றாண்டுக்கு முன் மாடித் தோட்டத்தில் முதன்முதலாகக் காய்த்த எலுமிச்சையின் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே அதைக் கண்டெடுக்க முடிவதில்லை.

காட்டுயிர்ப் படக்கலையில் தமிழகத்தின் பெருமைக்குரியவர் மா. கிருஷ்ணன் அவர்கள் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட புகைப்படக் கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் தம் வாழ்நாள் முடியும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதி வந்தார். யானையைப் பற்றி எழுதியவர், வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் அதே கருத்துடன் நோக்கினார். விலையுயர்ந்த கருவி இல்லை என்று தயங்குவோருக்கு அவர் வாழ்வு ஒரு விடையாகும். கண்டதை அன்றே குறித்து வைக்கும் பழக்கமே அவருடைய பெருங்கருவி எனலாம்.

நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியையே எடுத்துக்கொள்வோம். தளிர் இலையில் பறவை எச்சம் போன்ற ஒன்று ஒட்டியிருக்கக் கண்டால் துடைத்தெறிய வேண்டா. அது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். எலுமிச்சைச் செடியிலோ எலுமிச்சை அழகியின் புழுவைக் காணலாம். சில நாள்களில் அது பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவை போன்ற செந்நிற உறுப்பை நீட்டி ஒருவகை மணம் வீசும். பின்னர்த் தண்டில் பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். நாள்தோறும் காலை இளவெயிலில், ஒரே இடத்தில் நின்று, நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்து ஒளியைத் திருப்பி, ஒரு படம் எடுத்தால் போதும். முப்பது படங்களும் தேதியோடு வரிசையாய் அமையும்போது, குழந்தைகளுக்கு அதைவிடச் சிறந்த அறிவியற் பாடம் இல்லை. நான்கு இலைகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதால் குழம்பின் மணம் குறைந்துவிடாது.

வீட்டுத் தொழில்நுட்பம் என்பதும் பெருஞ்செலவில் வாங்கும் பொருள் அன்று. எளிய மழைமானி ஒன்றை எவரும் அமைக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குப்பியை, சுவரும் மரமும் மறைக்காத திறந்தவெளியில் சாயாமல் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். வானிலைத் துறையினர் நாள் மழையைக் கணக்கிடுவதும் அந்நேரத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுரமீட்டரில் ஒரு லிட்டர் நீராகும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. அப்படியாயின் 100 சதுரமீட்டர் மொட்டைமாடி ஒன்றில் மட்டும் 45,000 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர்க் குடத்தால் 3,000 குடம் நீர் இறங்கியது என்று பொருள். கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவதைக் கண்டு வருந்தும் நமக்கு, இவ்வெண் எத்தனையோ சொற்பொழிவுகளைவிட உறைக்கும். அளந்து பார்த்த குடும்பம் மழைநீரைத் தெருவில் ஓட விட மனம் கொள்ளாது. தொட்டி வைக்கவோ குழி தோண்டவோ வழி தேடும். நுண்கலங்களோடு பழகியவர்கள், மண்ணின் ஈரத்தை உணர்ந்து தானே நீர் விடும் கருவியையும் செய்துகொள்கிறார்கள். வெளியூர் செல்லும் நாள்களில் அது உதவும். அக்கருவி இல்லாதவர்கள், மெருகிடாத மண்பானையைச் செடியருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைக்கலாம். பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். பழமையானதாயினும் இதுவும் தொழில்நுட்பமே.

நம் கடற்காற்று புகைப்படக் கருவிக்குப் பகை. ஈரத்தால் வில்லையின் உட்புறம் வலைபோல் பூசணம் படரும். படர்ந்தபின் நீக்குவது எளிதன்று. தோலுறையில் அடைத்து அலமாரியில் வைப்பதைவிட, காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது நன்று. ஈரம் உறிஞ்சிய பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். படங்களுக்கும் காப்பு வேண்டும். கைப்பேசி நீரில் விழுந்தாலோ கணினியின் தட்டு பழுதானாலோ பத்தாண்டுப் படங்கள் ஒரு நொடியில் அழிந்துபோகும். ஆதலால் மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில், உடன்பிறந்தாரிடமோ மணமாகிச் சென்ற மகளிடமோ இருக்கட்டும். வெள்ளம் ஒரு வீட்டில் புகுந்தாலும் மற்றொரு வீட்டில் படங்கள் பிழைத்திருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நல்ல படத்திற்காக உயிர்களை இடர்ப்படுத்துதல் தகாது. தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் இலையை விலக்கிப் படம் எடுத்தால், அதன்பின் காகம் அதைக் கண்டுகொள்ளும். 2008இல் புதுச்சேரி அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரியில், நெடுந்தொலைவு பறந்து வந்து இளைப்பாறும் ஊசிவால் வாத்துக் கூட்டத்தைப் பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிந்து எழுப்புவது கொடுமை. கிடைக்காமற்போன படம் நமக்குச் சிறு இழப்பு. கலைந்துபோன கூடு அப்பறவைக்கு ஓர் ஆண்டின் இழப்பு.

ஆகவே, நம் வாசகக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடித்த குறிப்பேட்டை வாங்கி வைக்குமாறு வேண்டுகிறோம். அதில் மழையின் அளவு, விதைத்த நாள், முதற்பூ பூத்த நாள், கண்ட பறவை, எடுத்த படம் ஆகியவை தேதியோடு இடம்பெறட்டும். கணினியில் சேமிக்கும்போதும் படத்தின் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம், பொருள் என்னும் வரிசையில் அமைத்தால் தேடுவது எளிதாகும். பெயர் தெரியாத செடியாயின் ‘பெயர் அறியேன், மஞ்சட் பூ, கிழக்குச் சுவரோரம்’ என்று எழுதினாலும் போதும். பிறிதொரு நாள் அறிந்தவர் சொல்வார். புதுச்சேரியின் அரசுப் பறவையாக 2007இல் அறிவிக்கப்பட்ட குயில் இவ்வாண்டு எந்நாளில் முதன்முதல் கூவியது என்று சிறுவர்கள் குறிக்கட்டும். மரங்கள் தளிர்ப்பதையும் பூப்பதையும் பொதுமக்களே பதிந்து அனுப்பும் சீசன்வாட்ச் திட்டமும், பொங்கல் நாள்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பும் இத்தகைய வீட்டுக் குறிப்புகளை வரவேற்கின்றன. ஆய்வாளர்கள் எல்லாத் தெருக்களிலும் நின்று பார்க்க இயலாது. நம் தெருவில் நிற்பவர் நாமே.

நம் நகரின் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கப்பெற்றது. பின்னாளில் அதை வளர்ப்பதில் பெரும்பங்கு கொண்ட பிரெஞ்சுத் தாவர அறிஞர் பெரோத்தே 1870இல் இப்புதுச்சேரியிலேயே உயிர்நீத்தார். அப்பூங்காவின் முதுமரங்கள் புயல்களுக்குத் தப்பியும் தப்பாமலும் நிற்கின்றன. அடுத்த புயல் எம்மரத்தைக் கொள்ளும் என்று யாரால் கூற முடியும்? இவ்வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உங்கள் தெருவில் உள்ள மிகப் பெரிய மரத்தின் முன் நின்று ஒரு படம் எடுங்கள். ஆள் ஒருவரை அடிமரத்தருகே நிறுத்தினால் மரத்தின் அளவும் விளங்கும். பின்பு அப்படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் மரத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் அன்றைய தேதியையும் பென்சிலால் எழுதுங்கள்.