பலகையில் ஓடும் புகையிரதத்துக்கும் ஓர் ஆண்டு உண்டு

ஆறடி நீளப் பலகையொன்றில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தின் சிறு மாதிரியை அமைக்க முனைந்திருக்கிறேன். "எந்தக் காலத்து வண்டியானால் என்ன? அழகானவை எல்லாவற்றையும் ஓடவிடுங்கள், விளையாட்டுத்தானே!" என்கிறார் நண்பரொருவர். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

பெரிய மண்டபத்தில் அமைப்பவர் மூலைக்கொரு காலமெனப் பிரித்துக்கொள்ளலாம். ஆறடிப் பலகையில் ஒரு நிலையமும் ஒரு காலமுமே அடங்கும். பெயர்ப்பலகை முதல் மேடையில் நிற்போரின் உடை வரை யாவும் அக்காலத்துக்கே சாட்சி சொல்ல வேண்டும்.

நீராவி இயந்திரத்தின் அருகில் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்த வண்டியை நிறுத்தினால் அதன் பொருள் என்ன? இடையில் எதுவும் நடக்கவில்லை என்பதே. 1990 ஜூனின் பின்னர் 24 ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அந்த வெறுமையை அழகின் பெயரால் அழிக்க எவருக்கும் உரிமையில்லை.

நான் 1956 ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தேன். யாழ்தேவி ஓடத் தொடங்கிய மாதம் அது. கனடாவிலிருந்து வந்த டீசல் இயந்திரங்களும் பழைய நீராவி இயந்திரங்களும் நாட்டின் தண்டவாளங்களில் ஒருங்கே ஓடிய காலம். நண்பர் விரும்பும் பல்வகைமை பொய்யின்றியே கிடைத்துவிடுகிறது.

பொற்காலமென மயங்கி இதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. என் மேடையில் கொழும்பு செல்லக் காத்துநிற்கும் எழுதுவினைஞர்கள் அதனை இன்னும் அறியார். பலகையை அமைக்கும் நான் அறிவேன். ஆகவேதான் ஆண்டு முக்கியம் என்கிறேன்.