தண்ணீர் இறங்கியது பிழையா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை சாதாரண தர வகுப்பில் திரவ விரிவுப் பரிசோதனை செய்தோம். ஒரு கண்ணாடிக் குடுவை நிறையச் சாயம் கலந்த தண்ணீர். வாயில் இறப்பர் அடைப்பு, அதன் நடுவே ஒடுங்கிய கண்ணாடிக் குழாய். குழாயில் நீர் நின்ற இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டு, குடுவையைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கினேன்.

"சேர், ஏறல்ல, எறங்குது!" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கத்தியது.

உண்மைதான், இறங்கியது. சில வினாடிகள் மட்டும். பிறகு மெதுவாக ஏறத் தொடங்கி, கோட்டையும் தாண்டி மேலே போனது. முழு வகுப்பும் அதைப் பார்த்தது.

அடுத்த நாள் கொப்பிகளைத் திருத்தினேன். இரண்டே பேர்தான் இறங்கியதை எழுதியிருந்தார்கள். மற்ற எல்லோரும் "நீர் மட்டம் உயர்ந்தது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். கத்திய அந்தப் பிள்ளையும் அப்படித்தான். ஏன் மகன் எழுதவில்லை என்று கேட்டேன். "ஷோர்ட் நோட்ஸ்ல உயரும்னுதான் சேர் ஈக்கி. எறங்கினது பிழையாகிப் போனதுன்னு நெனச்சேன்" என்றான்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான். தன் கண்ணால் கண்டதைப் பிழை என்று நினைக்க ஒரு பிள்ளையைப் பழக்கியது யார்?

முதலில் விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெப்பம் முதலில் போய்ச் சேர்வது கண்ணாடிக்கு. கண்ணாடி விரிந்தால் குடுவையின் உள்ளிடம் கூடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, அதனால் மட்டம் இறங்குகிறது. பிறகு தண்ணீரும் சூடாகிறது. அது கண்ணாடியை விடப் பல மடங்கு விரியும். 20 பாகை செல்சியசில் உள்ள 1 லீற்றர் தண்ணீரை 80 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 1027 மில்லிலீற்றர் ஆகும். சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தின் கொள்ளளவோ அதே சூட்டில் 2 மில்லிலீற்றர்கூடக் கூடாது. ஆகவே தண்ணீர் வெல்கிறது. நாம் காண்பது தோற்ற விரிவு. பாத்திரம் விரிந்த அளவையும் அதோடு கூட்டினால்தான் உண்மை விரிவு வரும். இதெல்லாம் அந்தச் சில வினாடி இறக்கத்துக்குள் இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகள் "பிழை" என்று விட்டுவிட்டார்கள்.

"இது ஒரு மார்க்ஸ் விஷயம், இதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்கள் நம் ஊர் ஏற்றத்தைப் பாருங்கள். கொழும்புப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வரும் பழைய லொறிகள் பொனட்டைத் திறந்துகொண்டு ஓரத்தில் நிற்பதைக் காணாத கடுகண்ணாவைக்காரர் யார்? என் வாப்பா வேன் ஓட்டியவர். அவருடைய வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு இருக்கிறது. ஏற்றத்தில் என்ஜின் சூடாகி நின்றபோது அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த நாளின் தழும்பு அது. மூடியிருக்கும்போது உள்ளே அமுக்கம் கூடுவதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அமுக்கம் சட்டென்று விழும், தண்ணீர் ஆவியாகிச் சீறும். பக்கத்தில் இருக்கும் போத்தலில் இரண்டு கோடுகள் போட்டிருப்பதும் சும்மா அல்ல. சூட்டில் விரியும் தண்ணீருக்கு அங்கே இடம் வேண்டும்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். கிடைத்த கேனில் கழுத்து வரை நிரப்பி வீட்டில் வைத்தோம். பெற்றோல் தண்ணீரை விட வேகமாக விரியும். 20 லீற்றர் பெற்றோல் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 380 மில்லிலீற்றர் கூடும். இறுக்கி மூடிய கேன் வீங்கும், மூடி கசியும், அந்த ஆவி வீட்டுக்குள் பரவும். அடுப்பு எரியும் வீடு அது. கேஸ் சிலிண்டரை முழுவதுமாக நிரப்பாமல் மேலே இடம் விடுவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் திரவ வாயு சூட்டில் இன்னும் அதிகமாக விரியும். அப்படியிருக்க, கேஸ் முடியப் போகிறது என்று சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைக்கிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் வெடிப்புகள் நடந்தபோது புரோப்பேன், பியூட்டேன் என்று எல்லோரும் பேசினோம். பேச்சு முடிந்தது, பழக்கம் மாறவில்லை.

இவர்கள் எல்லோரும் பாடசாலையில் "திரவங்கள் வெப்பத்தால் விரிவடையும்" என்று எழுதி சரி வாங்கியவர்கள்தான். விடை தெரியும். ஆனால் அந்த விடைக்கும் வீட்டுக் கேனுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் காட்டவில்லை.

குற்றத்தைப் பிள்ளைகள் மேல் போடவில்லை. கல்வியியற் கல்லூரியில் செய்து காட்டிப் படிப்பிக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரத்தில் இதே பரிசோதனையை நானும் பல வருடம் கரும்பலகையில் படமாக வரைந்து முடித்திருக்கிறேன். படத்தில் தண்ணீர் ஒருபோதும் இறங்காது.

அதனால் இரண்டு வேண்டுகோள். பழைய மாணவர் சங்கத்திலும் அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கும் சகோதரர்களே, கேட்டுக்கும் மேடைக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கை விஞ்ஞான கூடத்துக்கு ஒதுக்குங்கள். இந்தப் பரிசோதனைக்குத் தேவை ஒரு குடுவை, ஒரு குழாய், ஓர் அடைப்பு மட்டும்தான்.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க்ஸ் என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே "இன்டக்கி என்ன கண்ட?" என்றும் கேளுங்கள். கண்டது நோட்ஸில் இல்லாவிட்டாலும் முழுதாகச் சொல்ல விடுங்கள்.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் நான் பிழை போடவில்லை. "நீ கண்டதை எழுது" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நேற்று எழுதிக் கொண்டுவந்தான்.