கேஸ் ஷீட்டும் படிக்க வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும்

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, நர்சிங், பிசியோதெரபி படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘மெடிக்கல் கோடிங்’ என்பது அந்த வேலையின் பெயர். மருத்துவர் எழுதிய குறிப்பைப் பார்த்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 குறியீடும் செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. குறியீடும் போட வேண்டும். எலும்பு முறிவு என்றால் போதாது. எந்த எலும்பு, வலமா இடமா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பது வரை பார்க்க வேண்டும். குறியீடு தவறினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி.-9ஐ விட்டுப் பத்துக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 70,000ஐ நெருங்கின. அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுத்ததில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

உடம்பையும் பணத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் ஒரு குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், சொல்வதற்கென்று அங்கே ஒரு பணியிடம் இல்லை. இது நம் மருத்துவத் துறையின் பெரிய குறை.

ஏன் பெரிய குறை? 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இத்திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை செலவைவிடக் குறைந்தால், தனியார் மருத்துவமனை நோயாளியைத் தட்டிக்கழிக்கப் பார்க்கும். அல்லது வெளியே மருந்து வாங்கிவரச் சொல்லும். தொகை மிக அதிகமானால், தேவையில்லாத அறுவைச் சிகிச்சைக்கு ஆசை பிறக்கும். இரண்டிலும் அடிபடுபவர் நோயாளிதான். ஆகவே தொகையைச் சரியாக வைப்பது, மருந்தின் அளவைச் சரியாக வைப்பதைப் போலவே உயிரோடு தொடர்புள்ள வேலை.

இதைக் கணக்காளர் மட்டும் செய்ய முடியாது. அறுவை அரங்கில் எத்தனை நிமிடம் ஆனது, மயக்க மருத்துவர் எவ்வளவு நேரம் இருந்தார், கருவிகளைக் கிருமி நீக்கம் செய்ய என்ன ஆகிறது, லேப்ராஸ்கோப்பி கருவியின் தேய்மானம் எத்தனை நோயாளிகள்மீது பிரிகிறது, சர்க்கரை நோய் உள்ளவர் ஏன் கூடுதலாக இரண்டு நாள் படுக்கையில் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் மருத்துவரிடம் இருக்கிறது. தேய்மானக் கணக்கு அவருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். படிப்பில் செலவுக் கணக்குக்கென்று தனித்தாள் இல்லை.

இரண்டு அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. அங்கே நோய்வாரியாகப் பணம் கொடுக்கும் டி.ஆர்.ஜி. முறைக்கு வித்திட்டவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ஸனும். ஒருவர் மேலாண்மைப் பேராசிரியர்; மற்றவர் செவிலியராகத் தொடங்கி மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தவர். ஒரு மருத்துவமனை என்னென்ன வகை நோயாளிகளுக்கு என்ன செய்கிறது என்று அளப்பதுதான் அவர்கள் நோக்கம். 1983இல் அந்நாட்டு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், அந்த அளவுகோலைப் பணம் கொடுக்கும் முறையாகவே எடுத்துக்கொண்டது. நோயாளிகள் படுக்கையில் இருக்கும் நாட்கள் குறைந்தன. கூடவே, நோயைக் கூடுதல் தீவிரமாகக் காட்டிப் பணம் பெறும் பழக்கமும் வந்தது. அதைப் பிடிக்கவும் மருத்துவம் தெரிந்த கணக்குக்காரர்களே தேவைப்பட்டார்கள்.

நம்மிடம் நல்ல முன்மாதிரியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குச் சான்று. அங்கே ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைச் செவிலியர்கள் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவரின் நிமிடம்தான் மிக விலையுயர்ந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கே அந்த ஏற்பாடு தோன்றும். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி லென்ஸை மதுரையிலேயே தயாரித்தார்கள். பணம் தருபவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகச் செய்ய முடிந்தது, ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு தெரிந்திருந்ததால்தான்.

சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் செலவுப் பதிவேடு, தணிக்கை விதிகள் மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டன. ஆண்டு வரவு 35 கோடி ரூபாயை எட்டும் கம்பெனி மருத்துவமனைகள் செலவுப் பதிவேடு வைக்க வேண்டும். ஆனால் அறக்கட்டளை மருத்துவமனைகளும் அரசு மருத்துவமனைகளும் கம்பெனிகள் அல்ல என்பதால் இதில் வராது. கம்பெனிகளின் தணிக்கை அறிக்கையும் மத்திய அரசுக்குத்தான் போகிறது. நோயாளியின் கண்ணில் படுவதில்லை.

மருத்துவமும் கணக்கும் சேர்ந்த வேலைகள் இங்கே அறவே இல்லை என்றும் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கிளெய்ம்களைப் பார்க்கும் டி.பி.ஏ. அலுவலகங்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் பில்லிங் பிரிவில் அனுபவசாலிகள் உண்டு. அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்குச் சம்பளம் காப்பீட்டின் பக்கத்திலிருந்து, மற்றவருக்கு மருத்துவமனையிடமிருந்து. டிஸ்சார்ஜ் நாளில் நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் குடும்பத்தின் பக்கம், இரண்டும் தெரிந்த ஒருவர்கூட இல்லை. அந்த இடத்தில் அரசுதான் ஆள் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு செலவுக் கணக்குப் பிரிவு தொடங்கலாம். ஒரு மருத்துவர், ஒரு செலவுக் கணக்காளர், கோடிங்கில் தேர்ந்த இரண்டு, மூன்று பட்டதாரிகள் போதும். பட்டதாரிகளை வெளியே தேடவே வேண்டாம். அதிகம் நடக்கும் சிகிச்சைகளான பிரசவம், டயாலிசிஸ், ஆஞ்சியோபிளாஸ்டி மூன்றை முதலில் எடுக்கட்டும். அடுத்த முறை பேக்கேஜ் தொகையைத் திருத்தும்போது, அந்தக் கணக்கையும் அரசாணையோடு சேர்த்து வெளியிடட்டும்.