பூஜ்ய விலைக்கு வாங்கிய பிட்காயின்

"இந்த பிட்காயினை உனக்கு யாரு தம்பி சும்மா கொடுத்தாங்க?" என்று கேட்டார் ஆடிட்டர் நண்பர். எதிரே உட்கார்ந்திருந்த ஐடி கம்பெனி இளைஞர் விழித்தார். "யாரும் கொடுக்கல சார், என் சம்பளத்துல நான் வாங்கினது." "உன் ரிப்போர்ட்ல வாங்கின விலை பூஜ்யம்னு இருக்கே?"

வேறு வேலையாகத்தான் நான் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பேச்சு சுவாரஸ்யமாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கிரிப்டோ வரிக் கணக்குக்கென்றே கோயின்லி, காயின்டிராக்கர் என்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சிலிருந்து சிஎஸ்வி கோப்பை இறக்கி அதில் ஏற்றினால் லாபம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று சில நொடிகளில் சொல்லிவிடும். கூட்டல் கழித்தலில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பதிவு விற்பனை, எது வெறும் இடமாற்றம் என்று அதற்குத் தெரியாத இடங்கள் நிறைய. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த இளைஞர் 0.05 பிட்காயினை ஓர் எக்ஸ்சேஞ்சில் 1,25,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று தன் சொந்த வாலட்டுக்கு மாற்றினார். கட்டணம் போக 0.0498 வந்து சேர்ந்தது. பிறகு விலை ஏறியதும் வேறொரு எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோய் 2,49,000 ரூபாய்க்கு விற்றார். சாஃப்ட்வேரில் அவர் ஏற்றியது இந்த இரண்டாவது எக்ஸ்சேஞ்சின் கோப்பை மட்டும். அதில் ஒரு நாள் பிட்காயின் வருகிறது, எங்கிருந்து வந்தது என்று இல்லை. ஆகவே வாங்கிய விலை பூஜ்யம், லாபம் 2,49,000, வரி 74,700 ரூபாய். உள்ளபடி அவர் கட்ட வேண்டியது இதில் சரிபாதி, 37,350. செஸ் தனி.

"அப்போ முதல் எக்ஸ்சேஞ்ச் கோப்பையும் ஏத்திட்டா சரியாயிடுமா சார்?" என்றார். ஏற்றிப் பார்த்தார்கள், ஆகவில்லை. ஒரு பக்கம் 0.05 வெளியே போயிருக்கிறது, இன்னொரு பக்கம் 0.0498 உள்ளே வந்திருக்கிறது. நடுவிலிருந்த வாலட்டின் முகவரியைக் கொடுக்காததால் இரண்டும் ஒன்றுதான் என்று சாஃப்ட்வேர் சேர்த்துப் பார்க்கவில்லை. வெளியே போனதை விற்பனையாக எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு வரி போட்டது. பீரோவின் மேல்தட்டில் இருந்த பணத்தைக் கீழ்த்தட்டில் வைத்ததற்கு வருமான வரி! வாலட் முகவரியைச் சேர்த்து, இரண்டு பதிவுகளையும் 'சொந்தக் கணக்குக்குள் மாற்றம்' என்று குறித்த பிறகுதான் கணக்கு டேலி ஆனது.

இந்தத் தலைவலி எல்லா நாட்டிலும் உண்டு. நஷ்டத்தை லாபத்தில் கழிக்க விடுகிற நாடுகளில், தப்பாக விழுந்த பதிவுகள் ஓரளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. ஐடிஆர் படிவத்தில் விடிஏ, அதாவது மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்றொரு அட்டவணை இருக்கிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை, வருமானம் என்று கேட்டுக்கொண்டே போய், நஷ்டமாக இருந்தால் 'இல்லை' என்று போடச் சொல்கிறது. ஆகவே ஒரு பதிவு தப்பானால், தப்பு பெரும்பாலும் நம் பையைத்தான் கடிக்கும். இது நியாயமான சட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இருக்கிற சட்டம் இதுதான்.

தேதியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் கோப்புகளில் நேரம் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஏப்ரல் 1 விடியற்காலை 2 மணிக்கு விற்றது, கோப்பில் மார்ச் 31 இரவு எட்டரை என்று பதிவாகியிருக்கும். நிதியாண்டே மாறிப்போகும். சாஃப்ட்வேரில் இந்திய நேரம் வைத்திருக்கிறோமா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் நாணயத்தைக் கொடுத்து நாணயம் வாங்குவது. ரூபாய் கையைத் தொடவே இல்லையே என்பார்கள். தொடாவிட்டாலும் அது விற்பனைதான், வரி உண்டு. ஸ்டேக்கிங்கில், அதாவது நாணயத்தைப் பூட்டி வைத்ததற்கு வெகுமதியாக வந்ததை, வந்த அன்றைய மதிப்பில் மற்ற வருமானமாகக் காட்டி, பிறகு விற்கும்போது அந்த மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்வது ஆடிட்டர்கள் பலரின் வழக்கம். யாரென்றே தெரியாதவர்கள் வாலட்டுக்குள் வீசிவிட்டுப் போகும் குப்பை டோக்கன்களுக்கும் சாஃப்ட்வேர் சில சமயம் ஒரு விலையைப் போட்டு வருமானம் என்று காட்டும். அவற்றை ஸ்பேம் என்று குறித்து ஒதுக்க வேண்டும். அவற்றை விற்றுப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டு அவற்றோடு வரும் லிங்க்கைத் தொட்டால், வாலட்டே காலியாகலாம்.

எல்லாம் முடிந்தபின் நண்பர் ஒரு சோதனை செய்தார். 2022 ஜூலை 1 முதல் இந்திய எக்ஸ்சேஞ்சுகள் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கின்றன. அது 26ஏஎஸ் படிவத்தில் வரும். அந்தத் தொகையை நூறால் பெருக்கினால், அந்த எக்ஸ்சேஞ்சில் விற்ற மொத்தத் தொகை ஏறக்குறைய வந்துவிட வேண்டும். இளைஞரின் படிவத்தில் 2,490 ரூபாய் இருந்தது, கணக்கு ஒத்துப்போனது. ரிப்போர்ட்டில் விற்பனை இதைவிட அதிகமாக இருந்தால் இடமாற்றம் எதுவோ விற்பனையாக விழுந்திருக்கிறது. குறைவாக இருந்தால் ஏதோ கோப்பு விடுபட்டிருக்கிறது. வருமான வரித் துறைக்கும் இந்தப் பெருக்கல் தெரியும்.

வாங்கியதற்கான சான்று எக்ஸ்சேஞ்சில் என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது. 2024 ஜனவரியில் பினான்ஸ் உள்ளிட்ட வெளிநாட்டுத் தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. ஐடிஆர் படிவம் நாணயத்தின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் சான்று கேட்பார்கள். ஆகவே ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை வரை காத்திருக்காமல், கணக்கு வைத்திருக்கும் எல்லாத் தளங்களிலிருந்தும் முதல் நாளிலிருந்து இன்றுவரையிலான கோப்பை இந்த வாரமே இறக்கி வைத்துவிடுங்கள்.