துப்பட்டா மட்டும் போதாது

மஸ்கட்டுக்குத் தனியாகக் கிளம்பும் பெண்ணிடம் வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அங்கே பர்தா போட வேண்டுமா? தனியாகப் போவது சரிதானா? முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் துணி பீரோவில் இல்லை.

முஸ்லிம் நாடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஈரானில் பெண்கள் தலையை மூடாவிட்டால் தண்டனை என்ற சட்டம் 1983இல் வந்தது. 2022இல் மஹ்சா அமினி போலீஸ் காவலில் இருந்தபோது இறந்த பிறகு பல பெண்கள் அதை வெளிப்படையாகவே மீறத் தொடங்கினார்கள். சவூதி அரேபியா 2019இல் சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்தபோதே வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. துருக்கியிலோ கதை நேர்மாறு. அங்கே அரசு அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் முக்காடு போடுவதற்கு இருந்த தடை 2013இல்தான் நீங்கியது.

ஓமான் இவற்றுக்கு நடுவே இருக்கிறது. வெளிநாட்டுப் பெண் தலையை மூட வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. ஆனால் பொது இடத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்தியப் பெண்ணுக்கு இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. தொளதொளப்பான பருத்தி சல்வார் கமீஸ் நான்கு, பெரிய துப்பட்டா ஒன்று, போதும். கையில்லாத குர்த்தியும் இறுக்கமான லெகிங்ஸும் ஊரிலேயே இருக்கட்டும்.

மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்கு மட்டும் விதிகள் கண்டிப்பானவை. 2001இல் திறக்கப்பட்ட இந்த மசூதியின் பிரதான தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் 21 டன் கம்பளத்தை நெய்தவர்கள் ஈரானியப் பெண்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 மணி முதல் 11 மணி வரை முஸ்லிம் அல்லாதவர்களும் உள்ளே போகலாம். பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் எல்லாவற்றையும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டிப் போனால் இடுப்பும் முழங்கையும் தெரியும். மேலே ஓர் அபாயா தேவைப்படும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது.

வாதி ஷாப் போன்ற பள்ளத்தாக்குகளின் பச்சை நீரைப் பார்த்தால் யாருக்கும் குளிக்கத் தோன்றும். நீச்சல் உடைக்கு மேல் டி-ஷர்ட்டும் நீளமான கால்சட்டையும் அணிந்து இறங்குவதுதான் முறை. கடற்கரை ஹோட்டல்களின் நீச்சல் குளத்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இவ்வளவும் மரியாதைக்கு. பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும். உடம்பை மூடிக்கொண்டால் யாரும் சீண்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை ஆபத்தானது. எகிப்தில் 2013இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு நடத்திய ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 99.3 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைச் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலான பெண்கள் முக்காடு போடும் நாடு அது. ஆகவே ஒருவன் வம்பு செய்தால் தன் உடையில் என்ன குறை என்று குனிந்து பார்க்கத் தேவையில்லை. உரத்த குரலில் அதட்டிவிட்டு, குடும்பங்கள் இருக்கும் கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். ஓமானில் போலீஸுக்கான எண் 9999.

மற்ற ஏற்பாடுகள் ஊரிலேயே முடிய வேண்டியவை. விசாவை ராயல் ஓமான் போலீஸின் இணையதளத்தில் பெறலாம். பாஸ்போர்ட், விசா, திரும்பும் டிக்கெட் மூன்றின் நகல்களும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைத் தாளிலும் எழுதி வைக்க வேண்டும்; செல்போன் தொலைந்தால் அதிலுள்ள எண்ணும் சேர்ந்தே போய்விடும். முதல் இரவுக்கான அறை, விமான நிலையத்திலிருந்து அங்கே போகும் வண்டி இரண்டையும் முன்பே பேசி முடிப்பது நல்லது. டாக்ஸியில் பின் இருக்கையில் உட்காருவதே அங்கே வழக்கம். மீட்டர் இல்லையென்றால் ஏறுமுன் கட்டணம் பேசிவிட வேண்டும். ஒரு ரியாலுக்கு 1,000 பைசா, ஆனால் அந்த ஒரு ரியால் சுமார் 2.6 டாலர். சில்லறை என்று நினைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

மருந்து விஷயத்தில் அலட்சியம் ஆகாது. டிரமடால், கோடீன் கலந்த வலி நிவாரணிகளும் இருமல் மருந்துகளும் வளைகுடாவில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. தினசரி மாத்திரைகளை அதன் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டுபோக வேண்டும். அம்மா கட்டித் தரும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். வளைகுடாவின் பல நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

எப்போது போவது என்பதையும் யோசிக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை இதமான காலம். ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரவாக்கில் தொடங்கும். அந்த மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் தண்டனைக்குரியவை. வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலை கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை அன்று காலையில்தான் கூடுகிறது.

மழை வந்தால் இந்தப் பள்ளத்தாக்குகள் நொடியில் காட்டாறாகிவிடும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் உள்ளே போகாமல் இருப்பதே உத்தமம். எந்த வாதிக்குப் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பது ஹோட்டல் வரவேற்பறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வளைகுடாவில் பதற்றம் ஏற்பட்டால் விமானங்களும் முடங்கலாம். 2025 ஜூனில் அப்படி ஆனது. புறப்படும் வாரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக நாலு நாள் தங்கக் கைவசம் பணமும் வேண்டும்.

இத்தனையும் முடித்துவிட்டு அந்தப் பெண் வீட்டாரின் இரண்டாவது கேள்விக்குத் திரும்பலாம். விமான எண், ஹோட்டல் முகவரி, தினமும் போன் செய்யும் நேரம் எல்லாம் எழுதிய ஒரு தாளை அம்மாவிடம் கொடுத்தால், பாதி பதில் அதிலேயே இருக்கும். மீதியைத் தினமும் அந்த நேரத்துக்குத் தவறாமல் போன் செய்து சொல்ல வேண்டும்.