தீப்புண்ணும் சாணமும்

நம் நாட்டில் அடுப்பங்கரையில் ஒரு பெண்ணுக்குத் தீக்காயம் பட்டால், பக்கத்து வீட்டார் ஓடிவந்து செய்யும் முதல் உபகாரம் பேனா மையையோ, பற்பசையையோ, சாணத்தையோ, மந்திரித்த சாம்பலையோ புண்ணில் அப்புவதேயாகும். கேட்டால் "குளிர்ச்சி" என்கிறார்கள். குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? உடனே 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டும்படிதான் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். சாணத்திலோ ரணஜன்னிக் கிருமி இருக்கக்கூடும். பசுவின் சாணம் என்பதற்காக அக்கிருமி பக்தியோடு விலகிவிடுமா?

வெந்துபோன தோல் செத்த தோல். அதில் ரத்த ஓட்டமில்லை. ஆகவே விழுங்கும் மாத்திரையும் போடும் ஊசியும் அவ்விடத்திற்குச் சரியாய்ப் போய்ச் சேருவதில்லை. பச்சைச் சீழ் பிடிக்கச் செய்யும் சூடோமோனாஸ் முதலிய கிருமிகளுக்கோ அதுவே விருந்து. அதனால்தான் மேற்பூச்சு மருந்து அவசியமாயிற்று. 1968-ல் அமெரிக்காவில் சார்லஸ் பாக்ஸ் என்பவர் வெள்ளியையும் சல்பா மருந்தையும் சேர்த்துச் செய்த களிம்பு உலகெங்கும் பரவிற்று. அதையும் வைத்தியர்கள் வேதவாக்காகக் கொள்ளவில்லை. ஆழமில்லாத புண் ஆறுவதை அது தாமதப்படுத்தக்கூடும் என்று சோதனையில் கண்டதும், அதைத் தாங்களே வெளியிட்டு, ஈரம் காக்கும் ஜெல்களையும் வெள்ளி சேர்ந்த கட்டுகளையும் கையாளத் தொடங்கினார்கள். நம்மவர்கள் சாணத்தை என்றைக்காவது இப்படிச் சோதித்ததுண்டா? புண் அழுகிச் செத்தால் "விதி" என்று சொல்லி எழுந்துபோய்விடுகிறார்கள்.

ஜெல்லைக்கூடத் தாமாகவே வாங்கிப் பூசுவது சரியன்று. புண் பெரிதாயிருந்தால், தண்ணீர் காட்டியபின் ஒன்றும் தடவாமல், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எதைப் பூசுவதென்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.